டேங்க் மேல் இருக்கும் அந்தக் கம்பி

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
செவ்வாய்க்கிழமை காலை

என் அருமை மகன் நீலுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகம்; கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரில் நீயும் வீணாவும் அனன்யாக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் செபம். என்ன, அம்மா திடீரென்று பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று பார்க்கிறாயா? போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நீங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிடுகிறீர்கள், நான் வாய் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. வாட்ஸப்பில் நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தேன். கடிதம் என்றால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் பூசை முடிந்து வரும் வழியில் பேக்கரியில் நின்று தேங்காய் பன் தின்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு; மீசையில் தூள் ஒட்டியிருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறேன். என் இடது முழங்கால் பரவாயில்லை, மழை நாளில் மட்டும் முனகும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் இன்னும் விடியற்காலை ஐந்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன். முப்பத்தேழு வருஷம் நர்ஸாக வார்டில் ஓடின கால், உட்கார் என்றால் உட்காருமா? இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய், வாசலில் வண்டியை மூடியிருக்கும் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

வண்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன். எழுபத்திரண்டாம் வருஷம் உன் தாத்தா, என்னைப் பெற்றவர், கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலையாக இருந்தபோது வாங்கின மோட்டார் பைக், ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் மைசூர் மாநிலம் என்றுதான் இருக்கிறது. எனக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது, பொம்பளப் புள்ள பஸ்ஸுக்குக் காத்துக்கினு நிக்கக் கூடாது என்று சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார். பார்ப்பதற்குச் சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி இருக்கும், ஆனாலும் என்னையும் அப்பாவையும் இத்தனை வருஷம் சுமந்திருக்கிறது. அப்பாதான் இன்றுவரை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லையே, கல்யாணமான நாளிலிருந்து என் பின்னால்தான் உட்கார்ந்து வருகிறார். சிவாஜிநகரில் யாராவது சிரித்தால், நான் மகராசன் மாதிரி குந்திக்கினு வரேன், உனக்கென்னா என்று கேட்பார். இப்போது அந்த ஆர்.சி. இந்த மாசக் கடைசியோடு முடிகிறது. ஆர்.டி.ஓ. ஏஜென்ட் வைத்தீஸ்வரன் இரண்டு விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று எப்போதும்போலப் புதுப்பிப்பது, ரோட்டில் ஓட்டலாம். இன்னொன்று ஐம்பது வருஷம் தாண்டின பழைய வண்டி என்று பதிவு செய்வது. அதற்குத் தனி நம்பர் பலகையாம், கண்காட்சிக்கு எடுத்துப்போகலாம், தினப்படிக்கு ஓட்டக் கூடாதாம். நீ இரண்டாவதுதான் என்று ஒரே பிடியாக நின்றாய். இந்த மாதிரி வண்டி ஊர்ல பத்துகூட மிச்சம் இருக்காதும்மா, ஓட்டி நாசம் பண்ணாதே, நான் வந்து கண்ணாடிப் பெட்டி போட்டு ஹாலில் வெக்கிறேன் என்றாய்.

நீ சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. மெக்கானிக் ரெமிஜியஸும் அதையேதான் சொல்கிறார், இதுக்கு பிஸ்டன் ரிங் இனிமே எங்கயும் கெடைக்காது சிஸ்டர், ஒரு நாள் இஞ்சின் புடிச்சுக்கிச்சுன்னா அவ்ளோதான் என்கிறார். ஆகஸ்ட் மாசம் கோல்ஸ் பார்க் திருப்பத்தில் வண்டி நின்றுபோனதை அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். பின்னால் பஸ் வந்து ஹாரனை அடித்துக்கொண்டே நின்றது, யாரோ ஒரு புண்ணியவான் தள்ளி ஓரத்தில் விட்டார். அன்றிலிருந்து அப்பா உன் கட்சி. நானும் ஞாயிற்றுக்கிழமை சரி என்பேன், திங்கட்கிழமை முடியாது என்பேன். ஓட்டினால் அது செத்துப்போகும், ஓட்டாவிட்டால் எனக்கு எப்படியோ ஆகிவிடுகிறது. அதன்மேல் துணியைப் போடும்போதெல்லாம் என்மேலும் சேர்த்துப் போடுகிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் நீ போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்று. அந்தப் பழைய வண்டிப் பதிவுக்கு வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டுமாம். டேங்க் மேல யாரோ ஒரு கம்பிய வெல்டிங் பண்ணி அசிங்கம் பண்ணியிருக்காங்க, அத வெட்டி எடுத்துடுங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் உன்மேல் கோபம். அப்புறம்தான் உறைத்தது, உனக்கு எப்படித் தெரியும், நான் சொன்னால்தானே. நீல், அந்தக் கம்பி உன் நாற்காலி. நீ பிறந்த பிறகு தாத்தா சுரங்க வொர்க்‌ஷாப்பில் தன் கையால் வெல்டிங் வைத்தது. அதன்மேல் ஒரு சின்னப் பலகை இருந்தது, பஞ்சு வைத்துத் தைத்து உன்னை எனக்கு முன்னால் உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த பாலர் பள்ளிக்குக் கொண்டுபோவேன். ஹாரன் உன் பொறுப்பு, வீட்டிலிருந்து சிவாஜிநகர்வரை விடாமல் அடிப்பாய். உனக்கு நாலு வயதில் ஒரு நாள், டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாகப் போனேன். பஸ் ஸ்டாண்ட் எதிரில் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்துவிட்டார், பிரேக் பிடித்தேன், உன் தாடை ஹேண்டில்பாரில் மோதியது. ஆறு தையல். தையல் போடும்போது எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவள், உன்னைப் பிடிக்க முடியாமல் வராந்தாவில் போய் நின்றேன். நீ வளர்ந்து தழும்பைப் பற்றிக் கேட்டபோது, பாத்ரூமில் வழுக்கி விழுந்தாய் என்று உன்னிடம் சொன்னேன், தாத்தாவிடமும் அதையே சொன்னேன், அவர் அதை நம்பியே போய்ச் சேர்ந்தார். பலகையை அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டேன், கம்பி மட்டும் வரவில்லை, தாத்தா வெல்டிங் அப்படி. அப்பாவுக்கு எல்லாம் தெரியும். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஆனால் அன்றிலிருந்து பின்னால் உட்காரும்போது என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நீ சொன்னபடியே நாளைக்கு ரெமிஜியஸ் அந்தக் கம்பியை வெட்டப்போகிறார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இதற்கு மேல் இன்றைக்கு எழுத ஓடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம். நேற்று நிறுத்தின இடத்திலிருந்து எழுதுகிறேன். காலையில் ஆட்டோ டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு நானும் அப்பாவும் சிவாஜிநகருக்குப் போனோம். ரெமிஜியஸ் சாக்பீஸால் கம்பியின் அடியில் கோடு போட்டு, கட்டரைச் சுவிட்சில் சொருகி வைத்திருந்தார். வெட்டிட்டா அப்புறம் ஒட்ட வெச்சாலும் அது இதுவாகாது சிஸ்டர், சும்னே அவசரப்படாதீங்க என்று அவரே சொன்னார். நான் வெட்டுங்கள் என்றுதான் சொன்னேன், ஆமாம், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். அந்தக் கம்பி போனால் அந்த நாளும் போய்விடும் என்று ஒரு ஆசை. கட்டர் சத்தம் போட ஆரம்பித்ததும் அப்பா எழுந்துபோய்க் கம்பிமேல் கையை வைத்துவிட்டார், ரெமிஜியஸ் பயந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார். இது புள்ள குந்தின எடம், இத்த வெட்டிட்டு எத்தக் காப்பாத்தப் போறோம் என்று கேட்டார் உன் அப்பா. இத்தனை நாள் உன் கட்சியில் இருந்த மனுஷன். கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதுவிட்டேன்.

அப்புறம் ரெமிஜியஸ் ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்றினார். மூன்றாவது உதையில் கிளம்பியது. முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். டெம்போவை அனுப்பிவிட்டோம், அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். கோல்ஸ் பார்க் திருப்பத்தில் வண்டி ஒரு தும்மல் போட்டது, ஆனால் நிற்காமல் போய்விட்டது. வீடு வந்து இறங்கினபோதுதான் கவனித்தேன், அப்பா என் தோளைப் பிடிக்கவே இல்லை. வந்ததும் அந்த முதல் விண்ணப்பத்தில், புதுப்பிக்கிறதில், கையெழுத்துப் போட்டேன். ஞாயிறு பூசைக்கும் வியாழன் மார்க்கெட்டுக்கும் மட்டும் எடுப்பேன், மழையில் எடுக்கமாட்டேன், இது சத்தியம். ஒரு நாள் இஞ்சின் பிடித்துக்கொள்ளும், அன்றைக்கு நான் உட்கார்ந்து அழுவேன், அதுவும் எனக்குத் தெரியும். அப்போது உன் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவா, என்னையும் சேர்த்து உள்ளே வைத்துவிடாதே.

மன்னித்துக்கொள் என்று போனில் சொல்ல எனக்கு வாய் வராது ராஜா, அதனால்தான் எழுதினேன். வீணாவிடம் உன் தாடைத் தழும்புக்கு உண்மையான காரணத்தைச் சொல்லிவிடு, திட்டுவதானால் என்னைத் திட்டட்டும். வேளைக்குச் சாப்பிடு, பனியில் கார் ஓட்டும்போது அவசரப்படாதே, அவசரம் என்ன செய்யும் என்று இப்போது உனக்கும் தெரியும். ஆண்டவர் உங்கள் மூன்று பேர் தலைமேலும் கை வைத்துக் காப்பாராக. மறந்துவிடாமல் ஒரு காரியம் செய்: அனன்யாவை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால், இரண்டையும் அளந்து எழுது. டிசம்பரில் நீங்கள் வருவதற்குள் ரெமிஜியஸ் புதுப் பலகை செய்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கும், சாவி என் இடுப்பில்தான் இருக்கும். ஹாரன் மட்டும் அவள் பொறுப்பு.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ரஞ்சிதம்