பெயருக்கு விட்ட இடம்

அன்புள்ளவனே,

என் தோல்சுருள்கள் மேல் உனக்கு என்றுமே பொறாமைதான். இருந்தாலும் கேள். சாக்கடல் குகையில் கிடைத்த துண்டொன்றை இன்று ஆய்வகத்தில் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தோம். ஈராயிரம் வருடக் கறுப்பு விலகி எழுத்துகள் எழுந்து வந்தன.

வரியின் நடுவே கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது. ஆண்டவன் பெயருக்கு விட்ட இடம். அதை எழுத இன்று தனக்குத் தகுதியில்லை என்று தோன்றினால், வேதத்தைப் படியெடுக்கும் எழுத்தர் இடம் விட்டு மேலே எழுதிப் போவார். பிறகு நீராடித் தூய்மையாக வந்து நிரப்புவார். இவர் திரும்பி வரவேயில்லை. ஆனாலும் மற்றச் சொற்களெல்லாம் அந்த இடத்தைச் சுற்றி இன்னும் காத்து நிற்கின்றன.

பக்கத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த லாரிசா பதறிவிட்டாள். "இத்தனை வருஷமா எழுத்தைப் பாத்து அழாதவங்க, வெத்து இடத்தைப் பாத்து அழறீங்களே!"

நம் பிள்ளையின் கல்லறைக்குக் கல் செதுக்கும் நிசீம் மறுபடியும் கூப்பிட்டார். "வருஷம் திரும்பப்போகுதும்மா. கல்லு தயாரா இருக்கு. பேரை மட்டும் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். வரவில்லை.

ஹைஃபாவிலிருந்து கிளம்பி வா. இரண்டு பேருமாகச் சொல்லிப் பார்ப்போம்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா