என் வயிற்றுக்கு நீங்கள் குறித்த தேதி

அன்பு மகள் கட்டெறும்புக்கு அம்மா எழுதுவது. நான் நலம், உன் அப்பா நலம், என் கர்ப்பப்பையில் குடியிருக்கும் மூன்று கட்டிகளும் நலம், வாடகை தராத குடித்தனக்காரர்கள் மாதிரி சௌகரியமாக இருக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போர்த்திக்கொண்டு தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் கவர் அனுப்பினாள் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒரு வார்த்தை பேசினால் நீ ஒன்பது வார்த்தை பேசுவாய், நடுவில் நான் ஏதாவது கேலி சொல்லி நானே சிரித்துவிடுவேன், வைத்த பிறகுதான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்பது தெரியும். காகிதம் குறுக்கே பேசாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துப் படி. வேலைக்கு நடுவில் பிரிக்காதே, உட்கார்ந்து படி, இதில் உன்னைத் திட்டப் போகிறேன்.

முதலில் ஊர்க்கதை. சோபா தைக்கும் பட்டறையில் வேலை குறைவில்லை. ஒரு ஓட்டலுக்கு முழுக்க நாற்காலி உறை மாற்றுகிறோம், அதுவும் மெரூன் வெல்வெட்டில். உனக்குத் தெரியுமா, மெரூன் துணி வரும் வாரங்களில்தான் எனக்கு நிம்மதி, எங்கே உட்கார்ந்தாலும் கறை தெரியாது. வெள்ளைத் துணி வந்தால் என் ஸ்டூலில் மீந்த ரெக்ஸின் துண்டைப் போட்டு, அதன்மேல் பழந்துணியை மடித்துப் போட்டு, யாராவது கூப்பிட்டால்கூட எழுந்திருக்காமல், மகாராணி மாதிரி இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்வேன். முதலாளி நான் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போன மாதம் ஸ்பிரிங் கட்டும்போது கண் இருட்டி விழுந்தேனே, அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. பாவம், விசிறக் கையில் எதுவும் கிடைக்காமல் துணி சாம்பிள் புத்தகத்தால் விசிறினாராம். பக்கத்து மெஷின் நூலக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏண்டி, இவ்வளவு ரத்தம் போகுது, இதையும் சிரிச்சு சிரிச்சு மறைச்சியா" என்று அழுதது. அதற்கப்புறம் ஸ்கேன், ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினது, உள்ளிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்துப் புற்று இல்லை என்று சொன்னது, இதெல்லாம் உனக்குத் தெரியும். அப்படி மருந்து ஏற்றிக்கொண்டு நான் படுத்திருந்தபோதுதான் டாக்டரம்மா உன் அப்பாவை அறைக்குள் கூப்பிட்டார், அப்பா கையிலிருந்த ஃபோனில் நீ. வெளியே வந்தவர் என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கர்ப்பப்பையை எடுத்துரணுமாம், வேற வழியே இல்லையாம்" என்றார். அன்று ராத்திரியே நீ ஃபோனில், "பத்து நாள் லீவு கிடைச்சிடுச்சும்மா, அந்தத் தேதியிலயே வெச்சுக்கலாம், நான் பக்கத்துல இருப்பேன்" என்றாய். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் ஆட்டினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்பட்டுத் தாளைத் திருப்பாதே.

இப்போது திட்டுக்கு வருகிறேன். நீ ரொம்பக் கெட்டிக்காரி, ஆனால் ரகசியத்தை யாரிடம் சொல்வது என்று உனக்குத் தெரியவில்லை. உன் அப்பா அத்தனை வருஷம் அரவை மெஷின் பக்கத்தில் நின்று காதைப் பறிகொடுத்துவிட்டு வந்த மனிதர். நீ அனுப்பும் குரல் செய்தியைச் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துக்கொண்டுதான் கேட்பார், ஃபோனைக் காதில் ஒட்டிவிட்டால் தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. போன ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் போய் நின்று ரகசியமாகக் கேட்டார். நான் அடுப்படி ஜன்னலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாடிவீட்டுக்காரி துணி உதறிக்கொண்டிருந்தவள், உதறுவதை நிறுத்திவிட்டாள். உன் குரல் ரேடியோ செய்தி மாதிரி அவ்வளவு தெளிவாக வந்தது. "அப்பா, டாக்டர் சொன்ன மத்த வழியெல்லாம் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அம்மா குழம்பிடுவாங்க. இருக்கறதுலயே சுலபமானதைப் பிடிச்சுக்கிட்டு இழுத்தடிப்பாங்க. இது ஒண்ணுதான் வழின்னே இருக்கட்டும். அவங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா." அவ்வளவுதான். அவர் சரியாகக் கேட்கவில்லை என்று திரும்ப ஒரு தடவை போட்டார். அதனால் நானும் இரண்டு தடவை கேட்டேன், மாடிவீட்டுக்காரியும் இரண்டு தடவை கேட்டாள். வெங்காயம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று, கண்ணுக்கு ஒரு சாக்கு இருந்தது.

நான் உடனே சண்டை போடவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, ஏங்க, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு மறுபடி ஒரு தரம் சொல்லுங்களேன், மறந்துபோச்சு என்று கேட்டேன். டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, "ஒரே வழிதான்" என்றார். வேற ஏதாவது மாத்திரை கீத்திரை என்று இழுத்தேன். "அதெல்லாம் கிடையாது" என்றார். நிஜமாவா என்று கேட்டேன். "நான் உங்கிட்ட பொய் சொல்லுவனா" என்றார். பார்த்தாயா, அவருக்கு மூன்று வாசல் திறந்துவிட்டேன், மனிதர் சுவரிலேயே போய் முட்டிக்கொண்டார். மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், "உங்க பொண்ணும் வீட்டுக்காரரும் வீட்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம்னு சொன்னாங்களே, உங்களுக்கும் சம்மதம்னுல்ல நினைச்சேன்" என்றார். நான், டாக்டரம்மா, கர்ப்பப்பை எங்க வீட்டுக்காரருக்கு இருந்து அதை எடுக்கறதா இருந்தா அவரே முடிவு பண்ணட்டும், நான் குறுக்கே வரமாட்டேன் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் தப்புதாம்மா, உங்களைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்" என்றார். அடுத்த ஆளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார், படம் போட்டும் காட்டினார்.

புரியாது என்றாயே, புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. அந்த நாட்களில் மட்டும் ரத்தத்தைக் குறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு, இரும்புச்சத்தும் சாப்பிட்டு, மாதவிலக்கு நிற்கும் வயது வரை தள்ளிப் பார்ப்பது ஒரு வழி, நின்ற பிறகு கட்டிகள் தானாகவே சுருங்குவதுண்டாம், ஆனால் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். கர்ப்பப்பைக்குள் சின்னச் சாதனம் ஒன்றை வைப்பது இன்னொரு வழி, அது கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கசியவிட்டு ரத்தப்போக்கைக் குறைக்குமாம், கட்டி போகாது, ஆரம்பத்தில் சில மாதம் விட்டு விட்டு ரத்தம் படும், சிலருக்கு நழுவி வெளியே வந்தும் விடும், என் கட்டிகள் இருக்கிற இடத்துக்கு முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பதும் உண்டாம், கட்டி பட்டினி கிடந்து சுருங்கும், அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சில நாள் நல்ல வலி இருக்கும். கட்டிகளை மட்டும் எடுக்கலாம், ஆனால் புதுசாக முளைத்தாலும் முளைக்கும். கடைசியில்தான் நீங்கள் இருவரும் எனக்குத் தேர்ந்தெடுத்தது, பையையே எடுப்பது, அதோடு ரத்தப்போக்குத் தொல்லை தீர்ந்தது, ஆனால் பெரிய ஆபரேஷன், ஒன்றரை மாதம் கனம் தூக்கக் கூடாது. அதிலும் முட்டைப்பையை விட்டுவைப்பதா எடுப்பதா என்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது, அதையாவது யாராவது எனக்குச் சொன்னீர்களா? சோபாவுக்குத் துணி மாற்ற வருகிறவர்களுக்கே நாங்கள் எல்லாத் துணியையும் விரித்துக் காட்டி, இது சீக்கிரம் வெளுக்கும், இது கிழியாது, எது வேண்டும் என்று கேட்கிறோம். என் உடம்புக்கு ஒரே ஒரு துண்டைக் காட்டி, கடையில் இதுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்களே.

ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நூலக்காவும் பையை எடுத்துவிட்டுத்தான் வந்தது, இப்போது வெள்ளைச் சேலையில் சினிமாவுக்குப் போகிறது, எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டிருந்தால் அன்றைக்கே சரி, எடுத்துவிடு என்றுகூடச் சொல்லியிருப்பேன், யார் கண்டது. எனக்கு வலிப்பது அதில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதில் தொண்டையில் சதை எடுக்கணும் என்றார்களே, ஞாபகம் இருக்கிறதா. உன் அப்பா, "பிள்ளைகிட்ட ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார். நான்தான் உன்னை உட்கார வைத்து, வலிக்கும், ஒரு வாரம் விழுங்க முடியாது, எடுக்காவிட்டால் அடிக்கடி காய்ச்சல் வரும், மருந்திலேயே இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றும் டாக்டர் சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். நீ விரல் விட்டு எண்ணி எண்ணிக் கேள்வி கேட்டாய், பரீட்சை முடியட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றாய். அந்த டாக்டர் அசந்துபோனார். அன்றைக்குத்தான் கட்டெறும்பு என்று உனக்குப் பேர் வைத்தேன், சின்னதாக இருந்தாலும் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று. பல் முளைக்கும்போது என்னைக் கடித்ததெல்லாம் வலிக்கவில்லை, இந்தப் "புரியாதுப்பா" கடித்த இடம் இன்னும் தடித்துக்கொண்டே இருக்கிறது. வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீ சொன்னாய். அதுவும் என் முதுகுக்குப் பின்னால்.

உன் அப்பா கதை கேள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அவருடைய ஃபோனை அவர் முன்னாலேயே வைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை இன்னொரு தரம் போடுங்க என்றேன். முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. "அவ சொன்னான்னு இல்ல, நீ பட்டறைல விழுந்தப்ப நான் செத்துப் பொழைச்சேன், எப்படியாவது முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு" என்று அழுதுவிட்டார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை. இரண்டு நாள் அவர் என்ன பேசினாலும் எனக்குக் காது கேட்காத மாதிரி, ஆங்? ஆங்? என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே விஷயத்தை மூன்று தடவை கத்துவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது அவருக்குத் தெரியும். இப்போது பாத்திரம் எல்லாம் அவர்தான் கழுவுகிறார், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பயந்துபோய்ப் பொய் சொன்னார், அதை ஒரு மாதிரி மன்னித்துவிட்டேன். நீ யோசித்துச் சொன்னாய், அதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும்.

முடிவைச் சொல்கிறேன். நீங்கள் குறித்த தேதியை நானே போய் ரத்து செய்துவிட்டேன். சாதனத்தை வைத்துப் பார்ப்பது, ஆறு மாதம் கழித்து ரத்தமும் ஸ்கேனும் எடுத்துப் பார்ப்பது, அதற்குள் மறுபடி ரத்த அளவு இறங்கினாலோ கட்டி பெருத்தாலோ ஆபரேஷனுக்கு நானே கையெழுத்துப் போடுவது என்று டாக்டரம்மாவும் நானும் பேசிக்கொண்டோம். அவர் சரி என்றுதான் சொன்னார், நான் இழுத்தடிக்கவில்லை. இனி என் உடம்பைப் பற்றி எதுவானாலும் முதலில் என்னிடம் சொல், என்னைக் கேள், அப்புறம் ஊருக்குச் சொல். இப்போது, ஏன் தலையாட்டினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா. நாலு வருஷமாக வா வா என்று கூப்பிடுகிறேன். புது வீட்டுக்குக் குடிவந்தபோது லீவு இல்லை என்றாய், உன் அப்பா கண் ஆபரேஷனுக்கு, சின்னதுதானேம்மா என்றாய். என் வயிற்றை அறுக்கிறார்கள் என்றதும் பத்து நாள் கிடைத்துவிட்டது. நான் கட்டியையும் நினைக்கவில்லை, கர்ப்பப்பையையும் நினைக்கவில்லை, பத்து நாள், பத்து நாள் என்று மனசுக்குள் குதித்துக்கொண்டே சரி என்றேன். நீ வருவாய் என்றால் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். அப்படி இருந்தவளிடம்தான் நீ ஒளித்தாய்.

அதனால் டிக்கெட்டை ரத்து செய்யாதே. உன் மேலதிகாரியிடம் போய், படுத்திருக்கும் அம்மாவுக்குக் கொடுத்த அதே பத்து நாளை நடமாடும் அம்மாவுக்கும் கொடுப்பாரா என்று கேட்டுச் சொல். அவர் கொடுப்பார், நீ கேட்பாயா என்பதுதான் எனக்குத் தெரியணும். வந்தால் உன் கட்டிலில் புது மெத்தை போட்டு வைக்கிறேன், ஓட்டல் வெல்வெட்டு மீந்தால் அதில் ஒரு தலையணையும் தைத்து வைக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், இந்தச் சண்டையில் அவருக்குச் சம்பந்தமில்லை, அவரை இழுக்காதே. நீ தீர்க்காயுசாக, சொன்ன சொல்லும் செய்த வேலையும் ஒன்றாக, நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அந்த ஆசீர்வாதம் குறையாது. உனக்கும் அந்த நாட்களில் ரத்தம் அதிகம் என்று ஒருமுறை சொன்னாய், நேரில் போய் ஒரு ஸ்கேன் பார்த்துவிடு, அங்கே என்ன சொன்னாலும் எத்தனை வழி இருக்கிறது என்று நீயே கேள், யாரையும் உனக்காகக் கேட்கவிடாதே. அப்பாவுக்கு இனிமேல் குரல் செய்தி அனுப்பினால் என் பேருக்கே அனுப்பிவிடு, மாடிவீட்டுக்காரிக்கு வேலை மிச்சம்.

இப்படிக்கு,
நடமாடிக்கொண்டிருக்கும்
உன் அம்மா