லாட் இறங்கும் வரை

வீரபாண்டி
2-3-2025

கண்ணு சுபஸ்ரீக்கு, அம்மாயி எழுதுவது.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது படித்த கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடந்த உன் அம்மா காலை ஆறு மணிக்குப் போனாள். உனக்குச் சொல்ல உன் அப்பா எடுத்த போனை நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்துத்தான் கொடுத்தேன். நெருப்புக்குள் காந்தம் எவ்வளவு என்று அளக்கிறோம், இந்த வாரம் முழுக்க மெஷின் ஓடும் என்று நீ சொல்லியிருந்தாய். நான் சாயப்பட்டறையில் இருபது வருஷம் துணி மடித்தவள். மெஷினில் ஒரு லாட் துணியை ஏற்றிவிட்டால் எட்டு மணி நேரத்துக்குச் சாய மாஸ்டரைச் சாவுக்குக்கூடக் கூப்பிடமாட்டோம். அவர் நடுவில் நகர்ந்தால் கலர் கெட்டுவிடும். பனியன் துணிக்கே அப்படி என்றால் உன் வேலைக்கு எப்படி என்று நினைத்தேன்.

எழவுக்கு வந்த அத்தனை பேரிடமும், "எம்பட பேத்தி சூரியனாட்டம் நெருப்ப அளக்கறாளுங்க, நடுவுல வர முடியாதுங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

கோபமா கண்ணு? சித்திரைக்கு வருவாயா?

உன் அம்மாயி
கருப்பாத்தாள்


காந்திநகர், குஜராத்
10-3-2025

அம்மாயிக்கு,

கோபம் இல்லை. எதுவுமே தோன்றவில்லை. கேன்டீனில் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அந்த நெருப்பை நாங்கள் பிளாஸ்மா என்போம். அது ஒரு நொடிகூட நிற்காது அம்மாயி. உள்ளே எதை விட்டாலும் உருகிவிடும். அதனால் ஊடே ஒளியை அனுப்பி, வெளியே வரும்போது அதன் அதிர்வுத் திசை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்துக் காந்தப்புலத்தைக் கணக்கிடுவோம். பிறகு அடுத்த முறைக்குக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். அன்றைக்கு நான்கு டீ குடித்தேன். காலையிலேயே தெரிந்திருந்தால் என் வேலையை என்னோடு வேலை செய்யும் தரணீதரன் பார்த்திருப்பார். சாயங்காலம் அம்மாவை எடுப்பதற்குள் விமானத்தில் வந்திருப்பேன்.

அளவு சரியாக வந்தது.

ஒன்று மட்டும் எழுதுங்கள். அம்மா கடைசியில் என்னைக் கேட்டுச்சா?

சுபஸ்ரீ


வீரபாண்டி
19-3-2025

கண்ணு,

கேட்டாள். விடியும் முன்னே, "பாப்பாகிட்டச் சொல்லியாச்சுங்களா?" என்றாள்.

"சொல்லியாச்சு சாமி, கெளம்பிட்டா" என்றேன்.

வாசல் தெரிகிற மாதிரி தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள். வைத்தேன். அப்படியே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இதை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. இனி உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. ஆனால் அவர் தனியாக இருக்கிறார். நீ வருகிற தேதியை அவரிடம் சொல்லிவிடு. அதற்கு முந்தின நாளே நான் குன்னத்தூரில் உன் பெரியம்மா ஊட்டுக்குப் போய்விடுகிறேன்.

கருப்பாத்தாள்