சொல்லிவிட்டு நிறுத்து

ஜூலை 14, திங்கள்

விடாத மழை. நியூ டவுனில் முழங்கால் தண்ணீர். கேப் கேன்சல், பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனேன். செருப்பு அம்பேல்.

போனதும் மேனேஜர் மைத்ரேயிதி (வங்காளிகளுக்கு அக்கா என்றால் 'தி', அண்ணன் என்றால் 'தா') கூப்பிட்டார். எங்கள் டீபக்கர் டூலின் மேனுவல் பற்றி. ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே எங்கே கோளாறு என்று பார்க்கிற டூல் அது. இனி அதை ஏ.ஐ. ஏஜென்ட்தான் பயன்படுத்துமாம். "படிக்கப்போறதும் ஏஜென்ட்தானே? அதுவே எழுதிக்கட்டுமே!"

வெள்ளிக்கிழமை போட்டி. ஒரே பக், இரண்டு ஏஜென்ட். ஒன்றுக்கு, டூலின் 'கோட்'டைப் பார்த்து ஏஜென்ட்டே எழுதிக்கொண்ட மேனுவல். இன்னொன்றுக்கு என்னுடையது. முதலாவது ஜெயித்தால் டாகுமென்டேஷன் பிரிவு மூடல். பிரிவு என்றால் நான் ஒருத்தி. எனக்கு சப்போர்ட்டில் போன் எடுக்கிற வேலை.

சரி, வரட்டும். எழுதத் தெரிந்தவளுக்கு என்ன பயம்?

ஜூலை 15, செவ்வாய்

வெட்டு, வெட்டு, வெட்டு. பழைய மேனுவலில் "சிறிது நேரம் காத்திருந்து, தேவைப்பட்டால் தொடரவும்". சிறிது என்றால் எவ்வளவு? தேவை யாருக்கு? மனிதர்கள் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வார்கள். ஏஜென்ட் யாரைக் கேட்கும்?

இப்போது இப்படி: கட்டளை. அதற்கு வரவேண்டிய பதில். பதில் வராவிட்டால் அடுத்து என்ன.

இன்னொரு வம்பு. டூல் இடையில் "தொடரவா?" என்று கேட்டு நிற்கிறது. விசையை அழுத்த ஆளில்லை, ஏஜென்ட் தேமே என்று உட்கார்ந்திருக்கும். டூலை எழுதிய சுபீர்தாவிடம் போனேன். கேள்வி கேட்காமல் ஓட வழி இருக்கா?

"ஆச்சே தோ! இருக்கே! எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாரும் என்றால் நீங்களும் உங்கள் கீபோர்டுமா என்றேன். சிரித்தார். எழுதிக்கொண்டேன்.

லேக் மார்க்கெட்: கறிவேப்பிலை, இட்லி அரிசி, முருங்கை (முற்றல், ஏமாந்தேன்).

ஜூலை 16, புதன்

வெயில், புழுக்கம். மானம் போன நாள்.

என் மேனுவலைக் கொடுத்து ஒரு வெள்ளோட்டம். ஏஜென்ட் சமர்த்தாக டெஸ்ட் சர்வரை நிறுத்தியது. நிறுத்திவிட்டு, 'கோட்'டைப் படிக்கப் போய்விட்டது. எல்லோருக்கும் பொதுவான சர்வர்! தளம் முழுக்க முழித்தது. நெட் போச்சா, கரண்ட் போச்சா, ஆளுக்கொரு ஜோசியம். பாதிப்பேர் டீ குடிக்கப் போயாச்சு. கடைசியில் சுபீர்தா, "யார் பிடிச்சது? யாரும் கத்தவே இல்லையே!"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தளத்தில் சர்வரை நிறுத்துகிறவர் முதலில் "தொர்ச்சி!" என்று கத்துவார், பிடிக்கிறேன் என்று. முடிந்ததும் "சார்லாம்!", விட்டாச்சு. இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அது மின்விசிறிச் சத்தம் ஆகிவிட்டது. கோடிலும் இல்லை, எந்த மேனுவலிலும் இல்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். துறைமுகத்தில் வேலை, உடனே பிடித்துக்கொண்டார். "எங்க பக்கம் கை காட்டாம கிரேனை அசைச்சா சங்குதான். உன் ஏஜென்ட்டுக்கு வாயும் இல்ல, கையும் இல்ல. நீதான்மா சொல்லிக் குடுக்கணும்."

அந்த இன்னொரு மேனுவலுக்கும் இது தெரியாது. அல்ப சந்தோஷம்.

ஜூலை 17, வியாழன்

புதுப் பகுதி. நிறுத்தும்முன் டீம் சாட்டில் ஒரு வரி: எதை, ஏன், எதுவரை. யாராவது வேண்டாம் என்றால் நிறுத்தாதே. வேலை முடியாவிட்டாலும் நேரம் முடிந்தால் விடு. விட்டதைச் சொல்.

"மெஷினுக்கு மரியாதைப் பாடமா?" என்றார் சுபீர்தா.

நீங்கள் சேர்ந்த புதிதில் கத்தாமல் சர்வரைப் பிடித்து எல்லோரையும் காயப்போட்ட கதை எனக்குத் தெரியும் என்றேன். சீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வார்கள்?

ஜூலை 18, வெள்ளி

மறுபடி மழை. நல்ல புடவை கட்டிப் போனேன், தோற்றாலும் அழகாகத் தோற்போம்.

முதல் ஏஜென்ட் மளமளவென்று முடித்தது. கேட்காமல் சர்வரை நிறுத்தியது, திட்டு வாங்கியது. ஆனால் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். கைதட்டல்.

என்னுடையது சாட்டில் சொல்லி, அனுமதி வாங்கி, பார்த்து, விட்டு, விட்டதையும் சொன்னது. கடைசியில் அறிக்கை: "காரணம் தெரியவில்லை. கண்டது: ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிறது. இரண்டாவது பதிவின் நேரம் முதலாவதற்கு முந்தையது. கோடில் எதையும் மாற்றவில்லை."

தெரியாததைத் தெரியாது என்று சொல், கண்டதை மட்டும் எழுது என்று மேனுவலில் போட்டவள் நான்தான். மைத்ரேயிதி என்னை ஒரு பார்வை பார்த்தார். இரக்கம். அதைவிடத் திட்டு தேவலை.

சுபீர்தா மட்டும் முதல் ஏஜென்ட் என்ன திருத்தியது என்று திறந்து பார்த்தார். "அரே! தப்பு காட்டுற டெஸ்டையே எடுத்துட்டிருக்கு. அப்புறம் பச்சையா இல்லாம?"

பிறகு என் ஏஜென்ட்டின் அறிக்கையைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "இரண்டு மெஷின் கடிகாரமும் ஒத்துப்போகலை... பதிவை நேரத்தை வெச்சு வரிசைப்படுத்தினது நான்." காது சிவந்துவிட்டது. ஆனால் மறைக்கவில்லை மனுஷர். மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டார்.

கிளம்பும்போது மைத்ரேயிதி என் மேஜைக்கு வந்தார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்னு எழுதினியே, அது மனுஷங்க மேனுவல்ல இருக்கா?"

"இல்ல தி."

"போடு. சப்போர்ட் போனை வேற யாராவது எடுக்கட்டும். திங்கட்கிழமை மீட்டிங்ல நான் முதல்ல படிக்கிறேன்."