பாதியில் நின்ற பிரசங்கம்

என்னங்க,

நான் நல்லா இருக்கேன், வேளாவேளைக்குச் சாப்பிடுறேன். ஆராதனை முடிஞ்சு வந்ததும் அவசரமா எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்குங்க.

இறையியல் கல்லூரி முடிச்ச கையோட, ஒரு வருஷம் இந்தப் பெரிய போதகர்கிட்ட ஊழியம் பழகத்தானே கடல் தாண்டி வந்தேன். இன்னைக்கு ஆராதனையில அவர் பிரசங்கத்தைப் பாதியில நிறுத்திட்டு வேதத்தை மூடினார். "ஆறு வருஷமா நான் ஜெபிக்கவே இல்லை. இனியும் உங்களை ஏமாத்த என்னால முடியாது"ன்னு சொன்னார். இறங்கி வந்து என் பக்கத்துல உட்கார்ந்துட்டார்.

பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டேன். சபை மொத்தமும் என்னையே பார்த்தது. பீடத்துக்கு எப்படி ஏறினேன்னு தெரியலை. மனப்பாடமா இருந்த வசனம் ஒண்ணுகூட வாய்க்கு வரலை. நோயாளிகளுக்காக ஜெபிக்கிற பட்டியல் அங்கே இருந்தது. அதுல இருந்த பேரையெல்லாம் ஒண்ணொண்ணா வாசிச்சேன். கடைசியா, பட்டியல்ல இல்லாத அவர் பேரையும் சொன்னேன். மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஆராதனை முடிஞ்சதும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். "நிஜமாவே ஜெபிச்சியாம்மா, இல்லை சும்மா வாசிச்சியா?"

"வாசிக்கத்தான் செஞ்சேன் ஐயா. உங்க பேர் வந்தப்பதான் ஜெபிச்சேன்."

மாமாகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லாதீங்க. "என் மருமக போதகராகப் போறா"ன்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரியறார், பாவம்.

உங்ககிட்ட மட்டும் சொல்றேன். கல்லூரியில ரெண்டாம் வருஷத்துக்கு அப்புறம், எனக்கு அதுதான் முதல் ஜெபம்.

கோபப்பட்டாலும் பரவாயில்லை, பதில் போடுங்க.

உங்க வீட்டுக்காரி