ஸ்டியரிங்கில் கியர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் மானம் மட்டும் கொஞ்சம் அடிபட்டுக் கிடக்கிறது, அதுவும் தேறிவிடும். நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, குட்டிப் பயல் பிடிக்காமல் நடக்கிறானா? போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று சிரிப்பார் என்றுதான் எழுதுகிறேன்.

நாற்றுப் பண்ணையிலிருந்து கடை கடையாகச் செடி கொண்டுபோய்ப் போட நான் ஓட்டிய பிக்கப்பைப் பற்றித்தான் விஷயம். அதைச் செய்த கம்பெனியின் பழைய பிக்கப்புகளில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குக் கியர் கம்பி தரையிலிருந்து முளைத்திருக்கும். கியர் ஸ்டியரிங்கில் இருந்தால் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். நம் வண்டியில் கியரும் ஸ்டியரிங்கில், இழுப்பும் நாலு சக்கரத்தில். கம்பெனி அபூர்வமாக இப்படியும் செய்தது என்று பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் நான் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அங்கே ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், "அப்படி ஒரு வண்டி கம்பெனியிலேருந்து வந்ததே இல்லம்மா, யாரோ பட்டறையில ரெண்டு வண்டிய ஒண்ணாக்கியிருக்காங்க, தரை விரிப்பத் தூக்கிப் பாருங்க, அடைச்ச ஓட்டை தெரியும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "உங்களுக்குத் தெரிஞ்சது வாய்க்குள்ள இருக்கிறது மட்டும்தான் டாக்டர்" என்றேன். விரிப்பைத் தூக்குவது என் தன்மானத்துக்கு இழுக்கு என்றும் ஒரு பிரசங்கம் செய்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் சந்தேகம் என்னை அரித்தது. சங்கத்தின் கண்காட்சியில் 'மாற்றம் செய்யாத வண்டிகள்' வரிசையில் நம் வண்டியின் பெயரையும் கொடுத்திருந்தேன். அப்பா மதியம் தூங்கும்போது ஷெட்டுக்குப் போய் விரிப்பைப் பிடித்து இழுத்தேன், அது பாதி கையோடு வந்து என்னையும் மல்லாக்கத் தள்ளியது. எழுந்து பார்த்தால் டப்பா மூடி அளவுக்கு ஒரு தகரம், சுற்றிலும் பற்பசையைப் பிதுக்கி வைத்தமாதிரி வெல்டிங். கௌரவமான பெண்பிள்ளை என்ன செய்வாளோ அதையே செய்தேன், விரிப்பை மூடி அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து இங்கே என்ன செய்கிறாய் என்றார். காற்று வாங்குகிறேன் என்றேன், ஜன்னலே இல்லாத ஷெட்டில்.

மறுநாள் காலையில் வாசலில் டாக்டர் நிற்கிறார். எப்படியோ தெரிந்துவிட்டது, கேலி செய்யத்தான் வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவரோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு, "நீங்க சொன்னதுதாம்மா சரி, செங்கல் சூளைக்குப் பின்னால உங்க வண்டி மாதிரியே ஒண்ணு கிடக்குது, அடியில படுத்துப் பாத்தேன், தரையில கியருக்கு ஓட்டையே போடல, ரிவெட் ஆணிய எல்லாம் யாரும் தொட்டதே இல்ல, கம்பெனியே செஞ்சதுதான், உங்கள எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்திட்டேன், மன்னிச்சிருங்க" என்றார். என்னைத் தோற்கடிக்கத் தேடிப்போன மனுஷன் என் வெற்றியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்! நானும் வெட்கமில்லாமல், மனுஷன் என்றால் தப்பு வரத்தானே செய்யும் என்று பெருந்தன்மையாக மன்னித்தும்விட்டேன். காபி குடிக்க உள்ளே வந்தவர் திரும்பியபோது சட்டை முதுகெல்லாம் செங்கல் தூள். அதைப் பார்த்தபிறகு என்னால் முடியவில்லை. ஷெட்டுக்குக் கூட்டிப்போய் விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தவர், "வெல்டிங் சரியில்ல" என்றார், அவ்வளவுதான். முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் அவர். அப்பா வந்து எட்டிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர், இன்னும் நிறுத்தவில்லை.

மூன்று பேருமாகச் சூளைக்குப் போனோம். அந்த வண்டிக்குச் சக்கரம் இல்லை, இஞ்சின் இல்லை, சீட்டில் கோழி முட்டையிடுகிறது. சூளைக்காரர் விற்கமாட்டாராம், கோழிகளுக்குப் பழகிவிட்டதாம். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங் கியரை இழுத்தேன், டக்கென்று இடத்தில் விழுந்தது. இத்தனை வருஷமாக நான் சொன்னது பொய்யில்லை, என் வண்டிதான் பொய். சிரிக்கத்தான் நினைத்தேன், கண் நிறைந்துவிட்டது. "இருக்கு இல்ல டாக்டர்?" என்றேன். "இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பாவம், கோழியைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

நம் வண்டியை 'மாற்றம் செய்தவை' வரிசைக்கு மாற்றிவிட்டேன். நீ காதை மூடாமல் குளிரில் போகாதே, மாப்பிள்ளையை இரவில் கண் விழிக்க விடாதே. பேரனுக்கு முத்தம், நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். முக்கியமாக, உன் ஆபீசில் நம் வண்டி உலகத்திலேயே அபூர்வம் என்று சொல்லிவைத்திருக்கிறாயாமே, மெதுவாகத் திருத்திவிடு, எல்லாம் அம்மா சொன்னதுதான் என்று என் தலையில் போட்டுவிடு.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா