வீட்டுக்கு வா

என் கோபக்காரிக்கு,

போனைக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாயாம், அப்பா சொன்னார். அவருக்கு அனுப்பி, அச்செடுத்து உன் கையில் தரச் சொன்ன இந்தக் கடிதத்தை என்ன செய்வாய்?

ஜெயித்துவிட்டோமடி!

நேற்று அந்தி மங்கும் நேரம், தொலைநோக்கி அறையில் என் கைப்பேசியிலிருந்து திடீரென்று உன் குரல்: “அம்மா, போதும்! வீட்டுக்கு வா!”

“மேடம், பாப்பா கூப்பிடுது. வெளிய போய்ப் பேசுங்க,” என்றார் தொலைநோக்கியை இயக்குபவர்.

எடுத்துப் பார்த்தால் அழைப்பே இல்லை. எங்கோ ஒரு விண்மீன் வெடித்துப் பாய்ந்த காமா கதிரைச் செயற்கைக்கோள் பிடித்து அனுப்பிய எச்சரிக்கை! அதன் ஒலியை மாற்றி வைத்தது நீதானே, கள்ளி?

“பாப்பா இல்லய்யா, வானம்! கூரையைத் திறங்க!” என்று கத்தினேன்.

வெடிப்பின் பின்னொளி மளமளவென்று மங்கிவிடும். மங்குவதற்குள் பிடித்துவிட்டோம். ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி! பெரிய பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் வந்தன. இயக்குபவர் நாற்காலியோடு சுழன்று ஆடினார்.

உலகம் அதற்கு ஏதோ எண் கொடுத்திருக்கிறது. இங்கே அதன் பெயர் ‘வீட்டுக்கு வா’. “வீட்டுக்கு வா எப்படி இருக்கு?” என்று சமையல்காரர்கூடக் கேட்கிறார்.

உன் நாடகத்தின் வீடியோவை அப்பா அனுப்பினார். நீ வசனம் மறக்கவே இல்லை. முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியையும் பார்த்தேன்.

வெடிப்பின் மிச்சப் படங்களை இங்கிருப்பவர்களே எடுத்துக்கொள்வார்கள். நாளைக் காலை வண்டியில் கிளம்புகிறேன். அந்த ஒலியை மட்டும் மாற்றிவிடாதே.

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும்,
அம்மா